பால் நின்ற பிறகு: ரப்பர் மரம் பலகையான கதை

குமரி மாவட்டத்தில் தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் பக்கத்துப் பழைய வீடுகளில் மர வேலைக்கு ஒரு வரிசை உண்டு. நிலைக்கும் கதவுக்கும் தேக்கு, வசதி போதாதவர்களுக்கு அயனி. கட்டிலுக்கும் பெட்டிக்கும் பலா. பெஞ்சுக்கு மா. வீட்டைச் சுற்றி ஏக்கர் கணக்கில் நிற்பதோ ரப்பர். அதில் ஒரு முக்காலி செய்து தரச் சொன்னால்கூட ஆசாரி சிரிப்பார். ரப்பர் தடி அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போகும், அவ்வளவுதான்.

இன்றைக்கு அதே மரம் சென்னை, கோயம்புத்தூர் கடைகளில் ஆறு நாற்காலியோடு சாப்பாட்டு மேசையாக நிற்கிறது. தொங்கும் சீட்டில் ‘சாலிட் ஹார்ட்வுட்’ என்று அச்சிட்டிருக்கிறது. மரம் மாறவில்லை. வெட்டிய நாளுக்கும் உலர்த்தும் நாளுக்கும் நடுவே உள்ள சில நாட்களில் அதை என்ன செய்ய வேண்டும் என்று மனிதன் கற்றுக்கொண்டான். அதைக் கற்க ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. அந்த நூறு வருஷமும் இந்த மரத்தைத் துரத்தியது பூஞ்சைதான்.

ரப்பரின் சொந்த ஊர் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றங்கரைக் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளைச் சேர்த்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். திருடிக்கொண்டு போய்விட்டான் என்று பிரேசிலில் இன்றும் பேச்சு இருக்கிறது. அன்று அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ரப்பர் விதைக்கு எண்ணெய்ச் சத்து அதிகம், சீக்கிரம் கெட்டுப்போகும். நூற்றுக்கு நாலுதான் முளைத்தது. முளைத்ததில் 1,919 கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து அதே வருஷம் இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவுக்குப் பக்கத்தில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் அவை வேர்பிடித்தன. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. ஆசியாவில் பின்னால் எழுந்த தோட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள்.

கன்று வந்த சமயத்தில் இலங்கைத் தோட்டத்துரைமார் வேறு ஒரு கலக்கத்தில் இருந்தார்கள். 1869இல் காப்பிச் செடியின் இலைக்கு அடியில் காவிப்பொடி மாதிரி ஒரு பூஞ்சை தென்பட்டது. அடுத்த இருபது வருஷத்தில் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அது தின்று தீர்த்தது. மலை உச்சிகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பிறகு, தாழ்வான, மழை மிகுந்த சரிவுகளில் ரப்பர் ஏறியது. ஒரு பூஞ்சை காலி செய்துகொடுத்த நாட்டில் இன்னொரு பூஞ்சையிடமிருந்து தப்பி வந்த மரம் குடியேறியது என்று சொல்லலாம். ஏனென்றால் அமேசானில் ரப்பரைத் தோட்டமாக நெருக்கி நட்டால் இலைக்கருகல் பூஞ்சை வந்துவிடும். காட்டில் ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் வெகுதூரம் இருப்பதால் பிழைக்கிறது. வரிசையில் நட்டால் பிழைக்காது. ஹென்றி ஃபோர்டு 1928இல் தன் கார் டயருக்காக அதே தபஜோஸ் கரையில் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு ஊரையே கட்டித் தோட்டம் போட்டார். பணம் இருந்தது, இயந்திரம் இருந்தது, பூஞ்சையும் இருந்தது. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் விற்றுவிட்டு வெளியேறினார்கள். விக்காமின் விதைகள் இலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியதால் அந்த நோய் கூடவே வரவில்லை.

மரம் வந்துவிட்டது, பால் எடுக்கத் தெரிய வேண்டுமே. காட்டில் கோடாரியால் கொத்தி எடுப்பார்கள், மரம் ரணமாகும். 1888இல் சிங்கப்பூர்த் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பட்டையை மட்டும் சீவல் சீவலாக, போன தடவை வெட்டிய வரியிலேயே மறுபடியும் சீவும் முறையைக் கண்டுபிடித்தார். உள் மரத்தில் கத்தி படாது, பட்டை மறுபடி வளரும். சட்டைப்பை நிறைய விதைகளை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் நடச் சொல்வாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வாங்கினார். பால்வெட்டு என்று நம்மூரில் விடியுமுன் நெற்றி விளக்கோடு நடப்பது அந்த முறையின் பேரப்பிள்ளைதான். இந்தக் கதைக்கு அதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: கத்தி உள்ளே போகாததால் இருபது வருஷத்துக்கு மேல் பால் கொடுத்த பிறகும் தண்டு முழுசாக நிற்கிறது.

வெட்டியவர்கள் யார் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலாயாவுக்குக் கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள்தான் அங்கே பால்மரக் காடுகளைச் சீவினார்கள். இந்தியாவில் 1902இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டம் தொடங்கி, திருவிதாங்கூர் மலையடிவாரம் முழுக்கப் பரவியது. 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ரப்பரும் சேர்ந்து வந்தது. அடுத்து நடந்தது விசித்திரம். 1964இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று கீரிப்பாறை, கோதையாறு, சிற்றாறு, மணலோடைப் பக்கம் வனத்துறை ரப்பர் நட்டது. 1984இல் அதை நடத்த அரசு ரப்பர் கழகம் உருவாயிற்று. இலங்கையில் இறங்கிய மரமும் இலங்கையில் உழைத்த மனிதரும் ஒரே மலைச்சரிவில் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள்.

ரப்பர் மரம் ஆறேழு வயதில் வெட்டுக்கு வரும். இருபத்தைந்து முப்பது வயதில் பால் குறைந்து கட்டுப்படியாகாது. கடைசி ஒன்றிரண்டு வருஷம் மரத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, எட்டும் இடத்திலெல்லாம் வெட்டி இருக்கும் பாலை எல்லாம் வடித்துவிடுவார்கள். கேரளத்தில் இதைக் கடும்வெட்டு என்பார்கள். அப்புறம் மறுநடவுக்காக மொத்தத் தோட்டமும் சாய்க்கப்படும். மலேசியாவிலும் கேரளத்திலும் குமரியிலும் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான ஏக்கர் மரம் இப்படிச் சாய்ந்துகொண்டே இருந்தது. எரிப்பதைத் தவிரப் பெரிதாக வேறு வழி தெரியவில்லை. மலேசியாவில் பிறை என்ற இடத்தில் ஒரு இரும்பாலை 1960களின் இறுதியில் தன் உலைக்கு ரப்பர் மரக் கரியைப் போட்டது. இங்கே தீப்பெட்டிக் குச்சி, பழப்பெட்டி, சூளை விறகு.

ஆசாரி சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள கடைச் சீட்டில் உள்ள ‘ஹார்ட்வுட்’ என்ற சொல்லை முதலில் ஓரம் கட்ட வேண்டும். வன்மரம், மென்மரம் என்பது தாவரவியல் பிரிப்பு. அகன்ற இலை, பூ, காய் உள்ள மரம் வன்மரம். ஊசி இலையும் கூம்புக் காயும் உள்ள பைன், தேவதாரு வகை மென்மரம். கையால் அழுத்திப் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விமான மாதிரிகள் செய்யும் பால்சா மரம் நகம் பட்டால் பள்ளம் விழும். ஒரு கன மீட்டர் 160 கிலோதான் இருக்கும். ஆனாலும் அது வன்மரம். உலர்ந்த ரப்பர் 600 கிலோ சுமார், தேக்கு 650 சுமார். எடையைப் பார்த்தால் ரப்பரும் தேக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு.

தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் மென்மரம் ஒன்றே ஒன்று: நாகேயா வாலிச்சியானா. அது அகத்தியமலைப் பக்கத்து மழைக்காட்டில், குமரியின் ரப்பர் தோட்டங்களுக்கு மேலே நிற்கிறது. அதற்கும் ஊசி இலை கிடையாது, அகன்ற இலை! பனையோ இரண்டு பிரிவிலும் சேராது. தொல்காப்பிய மரபியல் பனை போன்றவற்றைப் புறத்தே வைரம், அதாவது கெட்டிப் பகுதி, கொண்டவை என்று புல் இனத்தில் வைத்து, அகத்தே வைரம் கொண்டவற்றை மட்டும் மரம் என்றது. நம் ஆசாரிமார் இன்றும் பார்ப்பது அதைத்தான். ஊசி இலையா அகல இலையா என்று அவர்கள் கேட்பதில்லை. வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று கேட்கிறார்கள். வேலைக்கு உதவும் கேள்வி அதுதான் என்பது என் கட்சி.

அந்தக் கேள்வியில் ரப்பர் தோற்கிறது. குறுக்கே அறுத்துப் பாருங்கள். தேக்கு என்றால் நடுவில் பழுப்பு வைரம், ஓரத்தில் மெல்லிய வெள்ளை என்று கோடு போட்டது போலத் தெரியும். ரப்பரில் பட்டையிலிருந்து நடுவரை ஒரே பால் வெள்ளை. வைரம் என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லை. தேக்கு தன் வைரத்தில் கறையானுக்குப் பிடிக்காத எண்ணெய்ப் பொருட்களை ஏற்றி வைக்கிறது. ரப்பர் தன் தண்டு முழுக்க மாவுச்சத்தையும் சர்க்கரையையும் சேமித்து வைக்கிறது. வெட்டியதும் அது திறந்து வைத்த அன்னதானம்.

முதல் பந்தியில் பூஞ்சை. லேசியோடிப்ளோடியா என்று பெயர். அறுத்த முகத்தில் ஓரிரு நாளிலேயே இறங்கும். முதலில் சாம்பல் நீலத்தில் ஒரு புள்ளி, பிறகு ரேகை ரேகையாக உள்ளே ஓடி, ஒரு வாரம் போனால் பலகை மை ஊற்றினது போல ஆகிவிடும். இந்த நீலப்பூஞ்சைக்கு வேண்டியது சர்க்கரையும் மாவும்தான். மரத்தின் சுவரை அது பெரிதாகத் தொடுவதில்லை. அதனால் பலம் அவ்வளவாகக் குறையாது, நிறம் போய்விடும். இரண்டாம் பந்தியில் சிறு வண்டு. மரத்துக்குள் நீர் ஏறும் நுண்குழாய்களின் வாயில் முட்டையிடும். பைன் போன்ற மென்மரங்களில் அந்தக் குழாய்கள் இல்லை, ஆகவே இந்த வண்டுக்கு அங்கே வேலையும் இல்லை. ரப்பரில் குழாயும் அகலம், மாவும் நிறைவு. புழு உள்ளேயே தின்று வளரும். ஆறு மாதம் கழித்துக் கட்டிலின் கீழே கொட்டிக் கிடக்கும் மெல்லிய பொடியைப் பார்த்த பிறகுதான் மரம் உளுத்துப்போனது தெரியும்.

உலகத்தில் பூஞ்சை ஓடிய மரத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்பால்டட் மரம் என்பார்கள். மேப்பிள், பீச், பெர்ச் போன்ற வெளிர் நிற வன்மரங்கள் காட்டுத் தரையில் ஈரத்தில் கிடக்கும்போது இரண்டு மூன்று பூஞ்சைகள் ஒரே தடியில் குடியேறும். பங்காளிகள் வயலுக்கு நடுவே வரப்பு போடுவதுபோல ஒவ்வொன்றும் தன் எல்லையில் கருப்பாக ஒரு கோடு போடும். வெட்டி இழைத்தால் மையால் வரைந்த வரைபடம் மாதிரி இருக்கும். அமெரிக்காவில் மார்க் லிண்ட்குவிஸ்ட் 1970களில் இப்படிப்பட்ட மேப்பிளைக் கடைந்து கிண்ணம் செய்து காட்டிய பிறகு, கொல்லையில் அழுகிக் கிடந்த தடி கலைக்கூடத்துக்குப் போனது. பழக்கம் புதிதல்ல. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் குப்பியோ அரண்மனையில் ஒரு படிப்பறைச் சுவர் முழுவதையும் மரத்துண்டுகளைப் பதித்தே சித்திரமாக்கினார்கள். அந்த அறை இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ள பச்சைத் துண்டுகள் சாயம் ஏற்றியவை அல்ல, குளோரோசிபோரியா என்ற பூஞ்சை தானே பச்சையாக்கிய மரம். ஐந்நூறு வருஷமாகியும் நிறம் நிற்கிறது. கனடாவில் வண்டு கொண்டுவந்த நீலப்பூஞ்சை ஏறிய பைனை ‘டெனிம் பைன்’ என்று பெயர் மாற்றி விற்றார்கள். இந்தியாவிலிருந்து போன மா மரம் ஹவாயில் பூஞ்சை வரியோடு உகுலேலே வாத்தியமாகிறது. நம்மூரில் கறுப்பு விழுந்த மாம்பலகை பந்தல் காலுக்கும் போகாது.

இந்த அழகும் ஒரு நாள் கணக்கில்தான் இருக்கிறது. கோடு விழுந்ததும் எடுத்து உலர்த்த வேண்டும். ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை நின்றுவிடும். தாமதித்தால் மரம் பஞ்சாகி உளியில் நார் நாராகப் பிய்யும். கடைகிறவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அப்படியானால் ரப்பரின் நீலத்தையும் அழகு என்று விற்கலாமே? ஒரு கிண்ணத்துக்கு அது சரிவரும். ஆயிரம் நாற்காலி ஒரே நிறத்தில் வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும் வியாபாரிக்கு ஒரு கால் நீலம், மூன்று கால் வெள்ளை என்றால் முழு லாரியையும் திருப்பி அனுப்பிவிடுவார். கலைஞனுக்குத் தேவை ஒன்றே ஒன்று, தொழிற்சாலைக்குத் தேவை எல்லாம் ஒன்று.

ஆகவே ரப்பர் பலகைத் தொழில் என்பது பூஞ்சையோடு ஓடும் பந்தயம். மரத்தைச் சாய்த்த சில நாட்களுக்குள் தடி மில்லுக்கு வந்து அறுபட வேண்டும். புதுத் தடியில் புளித்த வாடை அடிக்கும். பட்டையில் மிச்சமிருக்கும் பால் ஈர்வாளில் ஒட்டிப் பிசினாகும். அடிக்கடி சுரண்ட வேண்டும். அறுத்த பலகையைத் தள்ளுவண்டியில் அடுக்கி, படுக்கவைத்த பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளிக் கதவை முறுக்குவார்கள். முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. மரத்தின் நுண்குழாய்கள் வெறுமையாகும். அப்புறம் போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரை விட்டு அழுத்தம் கொடுப்பது. வண்டுக்கு வாசலாக இருந்த அதே குழாய் வழியாக மருந்து நடுமரம் வரை போய்விடும். வைரம் இல்லாதது இங்கேதான் வரமாகிறது. தேக்கு வைரத்துக்குள் இவ்வளவு சுலபமாக எந்த மருந்தையும் ஏற்ற முடியாது. அழுத்த உருளைக்கு வசதியில்லாத சிறு மில்களுக்காக, பலகையை வெண்காரக் கரைசலில் முக்கி, மூடி அடுக்கி, ஈரத்தோடே மருந்து உள்ளே ஊறவிடும் முறையைப் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து சொன்னது.

மருந்து உள்ளே போனதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அது. பலகையைக் குறுக்கே வெட்டி, மஞ்சள் சாற்றைத் தடவுவார்கள். சமையலறை மஞ்சளேதான், சாராயத்தில் கரைத்தது. காய்ந்ததும் மேலே அமிலக் கரைசல் ஒன்றைத் தெளிப்பார்கள். சில நிமிஷத்தில் போரான் இருக்கும் இடமெல்லாம் குங்குமச் சிவப்பாகும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். நடுவில் மஞ்சள் திட்டு தெரிந்தால் மருந்து பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். எந்தச் சான்றிதழையும்விட அந்தத் துண்டை நம்பலாம்.

பிறகு உலர்த்தும் அறை. ஈரம் நூற்றுக்குப் பத்து அளவுக்கு இறங்கும்வரை சூடான காற்று. ரப்பர் மரம் காற்றுக்கும் சரிவுக்கும் வளைந்து வளர்வதால் தண்டுக்குள்ளே இழுவிசை ஏறியிருக்கும், காயும்போது முறுக்கிக்கொள்ளும். அதற்காக அடுக்கின் மேலே பாரம் ஏற்றி வைப்பார்கள். வெட்டுக்காயம், கணு, கோணல் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது குட்டைக் குட்டைத் துண்டு. அவற்றின் நுனிகளை விரல் விரலாக வெட்டிக் கோத்து, பசை போட்டு, பக்கவாட்டில் ஒட்டி அகலப் பலகையாக்குகிறார்கள். உங்கள் மேசையின் மேல் கட்டம் கட்டமாகத் தெரிவது அந்தத் துண்டுகள்தான்.

இதை முதலில் பெருந்தொழிலாக்கியது மலேசியா. வெளிச் சந்தையில் ‘மலேசியன் ஓக்’ என்று பெயர் வைத்தார்கள். ஓக்குக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பலகையாகப் போவதைவிட நாற்காலியாகப் போனால்தான் காசு என்று கண்டு 1990இல் அறுத்த ரப்பர் பலகை ஏற்றுமதிக்குத் தீர்வை போட்டார்கள். ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரம் மரச்சாமான் நகரமாயிற்று. அதே காலத்தில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறின. பால்மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் லயத்தைக் காலி செய்துகொண்டு நகர ஓரங்களுக்குப் போயின. மரத்துக்குக் கிடைத்த இரண்டாம் வாழ்வு, அதைச் சீவியவர்களுக்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

காட்டை வெட்டாமல் கிடைக்கும் மரம் என்று விளம்பரம் செய்கிறார்கள். எப்படியும் சாய்க்க வேண்டிய மரம் விறகாவதைவிட மேசையாவது நல்லதுதான். தென்கிழக்கு ஆசியாவில் புதிதாக ரப்பர் நடுவதற்காகக் காடு அழிந்திருக்கிறது என்பதும் உண்மை. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் வரும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ‘ஹார்ட்வுட்’ என்ற சீட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். போரான் மருந்து அழுத்தத்தில் ஏற்றியதா, உலர்த்தும் அறையில் காய்ந்ததா என்று கேளுங்கள். மேசையைக் கவிழ்த்துக் காலின் உட்பக்கம் பாருங்கள். நீல ரேகை இருந்தால் பயப்பட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஊசித் துளையும் பொடியும் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் நிலை, வெளிக்கதவு, குளியலறை, மழைபடும் திண்ணை எதற்கும் ரப்பர் ஆகாது. அங்கெல்லாம் தேக்கையோ அயனியையோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள், ஈரத் துணியால் துடைத்ததும் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டால், உங்கள் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை அந்த மேசை நிற்கும்.